இல்லினாய் மாநில வினாடி வினா: ஐஎச்எஸ்ஏவா, என்ஏக்யூடியா?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி வினாடி வினா அணிகள் குறிவைக்கும் இரண்டு மாநிலப் பட்டங்கள் இவை. ஐஎச்எஸ்ஏ (இல்லினாய் உயர்நிலைப் பள்ளிச் சங்கம்) போட்டி 1987 முதல் நடக்கிறது. மற்றது, 1996இல் உருவான என்ஏக்யூடி என்ற தேசிய வினாடி வினா நிறுவனத்தின் விதிப்படி நடப்பது. எதற்குத் தயாராவது?

ஆட்கள்: ஐஎச்எஸ்ஏயில் ஓர் அணிக்கு ஒரே நேரத்தில் ஐவர். என்ஏக்யூடியில் நால்வர்.

அவசர பஸர்: பெரிய வித்தியாசம் இங்கேதான். என்ஏக்யூடியில் கேள்வி முடியுமுன் அழுத்தித் தவறாகச் சொன்னால் 5 புள்ளி போகும். கேள்வி கடினமான குறிப்பில் தொடங்கி எளிதானதில் முடியும்; கடினமான முற்பகுதியிலேயே சரியாகச் சொன்னால் 10 புள்ளிக்குப் பதில் 15. ஐஎச்எஸ்ஏயில் புள்ளி கழிப்பது இல்லை. ஆனாலும் தவறினால் எதிரணி முழுக் கேள்வியையும் நிதானமாகக் கேட்டுப் பதில் சொல்லும், கூடவே, சரியாகச் சொன்ன அணிக்கு வரும் கூடுதல் கேள்விகளான போனஸையும் அள்ளும். அதனால் அங்கும் குருட்டு ஊகம் நஷ்டமே.

போனஸ்: ஐஎச்எஸ்ஏயில் ஓர் அணி விடை சொல்லாமல் விட்ட போனஸ் பகுதி எதிரணிக்குப் போகும், அப்போது சும்மா உட்கார்ந்திருக்கும் அணி புள்ளிகளை இழக்கிறது. என்ஏக்யூடியில் அப்படி இல்லை.

ஐந்தாறு பேர் ஆளுக்கொரு துறையைப் பிரித்துப் படிக்கும் பள்ளிக்கு ஐஎச்எஸ்ஏ பொருந்தும். முதல் வரியிலேயே விடையைப் பிடிக்கும் ஓரிருவரை நம்பும் அணி, தேசியப் போட்டியையும் குறிவைத்தால், என்ஏக்யூடியையே முதலில் பழக வேண்டும்.