உப்புக்காற்றும் மாரியும் கண்ட சமையலறை அலுமாரிகள்: கல்லடியிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

எமது சமையலறையில் மூன்று வகை அலுமாரிகள் இருக்கின்றன. அடுப்புக்கும் சிங்க்குக்கும் கீழே இருப்பது பவுடர் பூச்சுப் பூசிய அலுமினியப் பான்ட்ரி. மேலே சுவரில் மெலமைன் ஒட்டிய சிப்போர்ட் அலுமாரிகள் தொங்குகின்றன. மூலையில், பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த தேக்கங்கதவு போட்ட சாமான் அலுமாரி நிற்கிறது. 2017இல் வீட்டைத் திருத்தியபோது இவை ஒன்றாக அந்த அறைக்குள் வந்தன. அன்றிலிருந்து ஒரே காற்று, ஒரே புகை, ஒரே கை என்பதால், எது எங்கே பழுதாகிறது என்பதை ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

மட்டக்களப்பின் கல்லடிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இங்கே அலுமாரியின் முகப்பு அழுக்காவதைவிட, கண்ணுக்குத் தெரியாத இடங்களில் ஈரம் தங்குவதுதான் பெரிய கேடு. காற்றில் வரும் உப்பு, இரும்பின்மேல் படிந்த பிறகும் சும்மா இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டும்போது சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. எமது பகுதியில் இரவில் அந்த அளவு ஈரப்பதம் சாதாரணம். ஆகவே சிங்க்குக்குக் கீழே ஒரு சொட்டு நீர் ஒழுகாவிட்டாலும், அங்குள்ள பிணைச்சல்கள் ஒவ்வோர் இரவும் மெல்லிய உப்பு நீரில் நனைகின்றன. முதலில் பொருத்தப்பட்டவை நிக்கல் முலாம் பூசிய இரும்புப் பிணைச்சல்கள். திருகாணித் தலையின் பிளவில் கடுகளவு செம்மஞ்சள் புள்ளி தோன்றி, பிறகு வில் இருக்கும் பக்கம் கரகரத்து, கடைசியில் கதவு தொங்கிவிட்டது. 304 தரத் துருப்பிடியா உருக்குப் பிணைச்சல்களை மாற்றிப் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறை நன்னீரில் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, தையல் இயந்திர எண்ணெயில் ஒரு சொட்டு விட்டுவருகிறேன்.

அடுத்தது எண்ணெய்ப் பிசுக்கு. மீன் பொரிக்காத நாள் குறைந்த வீடுகளில் இது தவிர்க்க முடியாதது. ஆனால் எந்த எண்ணெயில் பொரிக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பிசுக்கின் குணம் மாறுகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதால், அது காற்றுப்பட்டு இறுகிப் பிசினாவதில்லை, வழவழப்பாகவே கிடக்கும். வாடைக்காற்று வீசும் மார்கழி இரவுகளில் வெப்பநிலை 24 பாகையை நெருங்கும்போது அது கதவின்மேல் வெண்மையாக உறைந்து, துணியை இழுக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரத்தைச் சில துளிகள் விட்டு, துணியைப் பிழிந்து கதவின்மேல் சற்று நேரம் ஒட்டவிட்டுத் துடைத்தால் முழுவதும் வந்துவிடும். சூரியகாந்தி, சோயா எண்ணெய்களின் புகை அப்படியன்று. அது நாளடைவில் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மஞ்சட் பிசினாக இறுகிவிடும். இறுகிய பிறகு சுரண்டினால் மேற்பூச்சும் சேர்ந்து போகும். எனவே அந்த எண்ணெய்களில் பொரித்தால் அன்றிரவே துடைத்துவிடுவது நல்லது. சுவர் அலுமாரிகளின் மேற்தட்டுக்குப் பழைய செய்தித்தாளே போதும். விரித்துவிட்டு, பிசுக்கேறியதும் சுருட்டி எறிந்துவிட்டு வேறொன்றை விரிக்கிறேன்.

வினாகிரியையும் அப்பச் சோடாவையும் ஒன்றாகக் கலந்து துடைத்தால் எதுவும் போகும் என்று பலரும் நம்புகிறார்கள். இரண்டையும் கலந்தால் நுரை எழும்பும், அவ்வளவுதான். ஒன்று அமிலம், மற்றது காரம், சேர்ந்தால் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்து பெரும்பாலும் ஒருவகை உப்புக் கரைந்த நீரே மிஞ்சும். தனித்தனியாக இரண்டும் பயன்படும். கிணற்று நீர் தெறித்துக் காய்ந்த வெண்கறைகளுக்கு வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு, பிசுக்குக்கு அப்பச் சோடாக் கரைசல். உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வரத் தொடங்கிய பிறகு அந்த வெண்கறைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. குளோரின் கலந்த வெளுப்பு நீரை மட்டும் அலுமாரிகளுக்குக் கிட்டவும் கொண்டுபோவதில்லை. அது அலுமினியத்தையும் உருக்கையும் அரிக்கும், வினாகிரியுடன் சேர்ந்தால் நச்சு வாயுவும் கிளம்பும்.

சிப்போர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் எமது ஊர் வீடுகளில் அதிகம் கெட்டுப்போவது அதுதான். மெலமைன் முகப்பு நீருக்கு அஞ்சாது. வெட்டிய ஓரமும் திருகாணித் துளையும்தான் நீர் புகும் வாசல்கள். மரச் சிராய்களைப் பசையிட்டு, சூட்டில் நசுக்கிச் செய்த பலகை அது. நீர் பட்டதும் சிராய்கள் பழைய பருமனுக்குத் திரும்ப முயல, பசையின் பிடி விட்டுப்போகிறது. தேநீரில் தோய்த்த ரஸ்க்கைப் போல உப்பிய ஓரம், எவ்வளவு வெயிலில் காயவைத்தாலும் பழைய அளவுக்கு வராது. எமது வீட்டில் நீர் மேலேயிருந்து வரவில்லை. ரைஸ் குக்கரிலிருந்தும் கேத்தலிலிருந்தும் எழும்பிய ஆவிதான் நேர் மேலேயிருந்த அலுமாரியின் அடிப்பலகையைப் பதம்பார்த்தது. ஓரப்பட்டி முதலில் நகம் நுழையும் அளவுக்குக் கிளம்பியது, உள்ளே பலகை கபில நிறமாகத் தடித்திருந்தது. அதன் பின் குக்கரையும் கேத்தலையும் யன்னலோரத்துக்கு மாற்றிவிட்டு, எஞ்சிய அலுமாரிகளின் அடி ஓரங்களுக்கு இரண்டு கை வார்னிஷ் அடித்தோம். பான்ட்ரியை நிறுத்தும்போது கட்டையான பிளாஸ்ரிக் கால்களில் உயர்த்தி வைக்கச் சொன்னவர் எங்கள் ஓடாவியார். “மகள், மேலால பட்ட தண்ணியத் துடைக்கலாம், அடியால ஏறினா ஒண்டும் செய்ய ஏலா” என்றார். 2024 நவம்பர் இறுதிப் பெருமழையில் சமையலறைத் தரை நனைந்தபோது அந்தக் கால்கள்தான் கைகொடுத்தன.

இதனோடு சேர்ந்த ஒரு வழக்கத்தைப் பற்றி என் கருத்து பலருக்கு உவப்பாக இராது. தைப்பொங்கலுக்கு முன் வீடு முழுவதையும் வாளி வாளியாக நீர் ஊற்றிக் கழுவுகிறோம். தை பிறக்கும் காலமோ எமது மாவட்டத்தில் மாரி இன்னும் ஓயாத காலம். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் பெய்கிறது. அந்த நாட்களில் கழுவிய அலுமாரி காய்வதில்லை, பூஞ்சணம் பிடிக்கிறது. பொங்கலுக்கு முகப்பை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்திவிட்டு, பெரிய துப்புரவைக் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களுக்கு ஒத்திவைக்கிறேன். அப்போது எல்லாவற்றையும் இறக்கி, லாச்சிகளைக் கழற்றி, கதவுகளைத் திறந்துபோட்டால், அந்த வறண்ட காற்றே பின்பலகைவரை உலர்த்திவிடும். மாரியில் பூஞ்சணம் தெரிந்தால் சவர்க்கார நீரில் துடைத்து, ஒற்றி, பகலில் கதவை ஒருக்களித்து வைப்பேன். வெளிச்சுவரில் மாட்டும் அலுமாரிக்குப் பின்னால் ஒரு விரல் இடைவெளி விடுவது, மாட்டிய பின்னர் செய்யும் எந்த வைத்தியத்தையும்விடப் பயன் தரும்.

தேக்கங்கதவுகளுக்குப் பெரிய பராமரிப்பு வேண்டியதில்லை. மினுக்கம் வரட்டும் என்று தேங்காய் எண்ணெய் பூசுவது மட்டும் வேண்டாம். முன்பு சொன்ன அதே காரணத்தால் அது உலராது, தூசியைப் பிடித்துக்கொண்டு காறல் மணமும் தரும். ஆளிவிதை எண்ணெய் உலரும், மரத்துக்கும் நல்லது. ஆனால் அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவிட வேண்டும்.

அலுமினியம் இந்த ஊருக்கு ஏற்றது என்பதே என் முடிவு, குறைகள் இல்லாமலில்லை. கதவு மூடும்போது தகரச் சத்தம் கேட்கும், சட்டி பட்டால் நெளியும், இரும்புத் திருகாணி துருவேறிக் கறை ஒழுகும், பூச்சு உரிந்த இடத்தில் உப்புப் பட்டு வெண்பொடி பூக்கும். சட்டங்கள் உள்ளே கோறையானவை. முனை திறந்திருந்தால் கரப்பான் குடும்பமே அதற்குள் குடியேறிவிடும். முனைகளைச் சிலிக்கனால் அடைத்த பின்னர்தான் பூச்சி மருந்தின் தேவை குறைந்தது. இரும்பு நார் போட்டுத் தேய்ப்பதும், வீரியமான காரத் தூளைக் கரைத்து ஊற்றுவதும் பூச்சைக் கெடுக்கும்.

ஆவி பட்டு உப்பிய அந்த ஒரு சுவர் அலுமாரியை மட்டும் அலுமினியத்தில் மாற்றுவதற்கு வேலைக் கடையில் அளவு கொடுத்திருக்கிறேன். மற்றச் சிப்போர்ட் அலுமாரிகள் இன்னும் உறுதியாக இருப்பதால், அவற்றைக் கழற்றும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.