சிர்க்கான் வயது: லேசரா, அயனிக்கற்றையா?

நட்டால் மணற்கல்லின் மணல் எந்த மலையிலிருந்து வந்தது என்று தேடும் டர்பன் மாணவர்கள் பலரும் தடுமாறும் இடம் இது. மணலில் உள்ள சிர்க்கான் என்ற கனிம மணிகளின் வயதை லேசரால் அளப்பதா, அயனிக்கற்றையால் அளப்பதா? இரண்டு முறைகளும் தருவது யுரேனியம்–ஈய வயதுதான்; அதாவது, மணியிலுள்ள யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியது என்பதிலிருந்து கணக்கிடும் வயது.

நேரம்: லேசருக்குப் புள்ளிக்கு ஓரிரு நிமிடம், ஷ்ரிம்ப் (SHRIMP) என்ற அயனிக்கற்றைக் கருவிக்கு 10–20 நிமிடம்.
குழி: லேசர் 15–30 மைக்ரான் ஆழம் தோண்டும், ஷ்ரிம்ப் 1–2 மைக்ரான்தான்.
செலவு: ஷ்ரிம்ப் மிக அதிகம்.

மூலம் தேட எண்ணிக்கையே உயிர். மணலில் 5% பங்குள்ள எந்த மூலத்தையும் 95% உறுதியோடு பிடிக்க 117 மணிகள் வேண்டும். லேசர் அதை ஒரே நாளில் முடிக்கும். 1000–1200 மில்லியன் ஆண்டு நமாக்குவா–நட்டால் மலையாக்கத்து மணிகளையும் 500–650 மில்லியன் ஆண்டு பான்-ஆப்பிரிக்க மலையாக்கத்து மணிகளையும் பிரிக்க லேசரின் 1–2% பிழை தடையே அல்ல.

தங்கத்துக்குப் பெயர்போன விட்வாட்டர்ஸ்ராண்ட் பாறைகளின் கதை வேறு. மணிகள் மிகப் பழையவை. கதிரியக்கத்தால் சிதைந்து ஈயம் இழந்தவையும் உண்டு. லேசர்குழி உட்கருவையும் விளிம்பையும் கலந்துவிட்டால், எந்த நிகழ்வுக்கும் சொந்தமில்லாத வயது வரும். ஆகவே மணியின் உள் அடுக்குகளைக் காட்டும் கேதோடு ஒளிர்வுப் படம் எடுக்காமல் புள்ளி வைக்கவே கூடாது. மெல்லிய விளிம்புக்கு ஷ்ரிம்ப்தான்.

எந்த முறையானாலும் பெரிய, அழகிய மணிகளை மட்டும் பொறுக்காதீர்கள். சிறுமணி தந்த மூலம் மறைந்துபோகும். ஒரே மணியில் வெவ்வேறு ஐசோடோப்பு விகிதங்கள் தரும் இரண்டு வயதுகளுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் முரண் இருந்தால் அந்த மணியை ஒதுக்குங்கள்.

தென்னாப்பிரிக்காவின் கரூ படுகையில் படிவின் உச்ச வயது (படிவு இதைவிடப் பழையதாக இருக்க முடியாது என்ற எல்லை) தேவையென்றால், முதலில் லேசரால் சலித்து, மிக இளைய மணிகளை மட்டும் ஷ்ரிம்புக்கு அனுப்புங்கள். லேசர்குழிக்குப் பக்கத்தில் 25 மைக்ரான் இடமாவது மிச்சம் வையுங்கள்.