ஃபயர்பாலா, எர்த் ஸ்டாரா: உடுமலை மாடியில் எது பெருகும்?

ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கும் குட்டை ரக புரொமிலியாட் (அன்னாசிக் குடும்பத்து அலங்காரச் செடி) தேடுபவர்கள் கடைசியில் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள். ஒன்று, நியோரெஜீலியா வகையில் வரும் ஃபயர்பால். இன்னொன்று கிரிப்டாந்தஸ், நர்சரியில் எர்த் ஸ்டார் என்று கேட்டால் தருவார்கள். இரண்டும் அன்னாசிக்குச் சொந்தம், இரண்டுக்கும் பூர்வீகம் பிரேசில். மூன்று வருடம் முன்பு இரண்டையும் ஒரே நாளில் வாங்கி வந்து மாடியில் நிழல்வலைக்குக் கீழே வைத்தேன். ஒற்றை ஃபயர்பால் இன்று நாற்பதுக்கு மேல் பெருகிவிட்டது. எர்த் ஸ்டார் நாலு தொட்டியோடு நிற்கிறது. அதனால் என் மனசு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

அழகைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஃபயர்பால் காலை வெயில் பட்டால் ரத்தச் சிவப்பு. நிழலில் வைத்தால் பச்சையாகி இலை நீண்டுவிடும். எர்த் ஸ்டார் இளஞ்சிவப்புக் கோடும் வரிக்குதிரைப் பட்டையுமாகத் தரையோடு படிந்து கிடக்கும். கடும் வெயிலில் நிறம் வெளுக்கும்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது குட்டிதான். இந்தச் செடிகள் வாழை மாதிரி. ஒரு கொத்து ஒரு முறைதான் பூக்கும், அப்புறம் மெல்ல ஓய்ந்துவிடும், பக்கத்தில் வந்த கன்றுதான் அடுத்த செடி. ஆகவே குட்டி எப்படி வருகிறது, பிரித்த பிறகு எப்படிப் பிழைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எர்த் ஸ்டாரின் குட்டி இலை இடுக்கில் முளைக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் விரல் பட்டாலே கையோடு வந்துவிடும். கத்தியே வேண்டாம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு வேர் இருக்காது. பிரேசிலில் அது தரையில் வளரும் செடி, மண் ஈரத்தை வேரால் குடித்துப் பழகியது. இலை நடுவில் தண்ணீர் தேக்கவும் தெரியாது. வேர் பிடிக்கும் வரை காற்றில் ஈரம் இருந்தே ஆக வேண்டும். நமக்கோ ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று தெரியாததா? காற்றாலைக்கு நல்ல காற்றுதான், வேரில்லாத கன்றுக்குத் தாங்காது. முதல் வருடம் ஆனி மாதத்தில் ஆறு குட்டிகளைக் கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூள்) வைத்தேன். இலை ஓரம் பொரித்த அப்பளம் போலச் சுருண்டு நாலு போய்விட்டது. அடுத்த முறை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, தினமும் சாயங்காலம் திறந்து மூடியபோது எல்லாம் பிழைத்தன. நாலு தொட்டி வைத்தவன் அனுபவம்தான் இது. ஈரக்காற்று உள்ள ஊரில் இந்தப் பாடு இருக்காது.

ஃபயர்பால் மரத்தில் தொற்றி வளரும் இனம். அதன் குட்டி ஓடுதண்டில் வரும். பென்சில் கனத்தில் ஒரு தண்டு, பழுப்புச் செதில் மூடியபடி தொட்டி விளிம்பைத் தாண்டி ஒரு விரல் நீளம் போய், மேலே வளைந்து, நுனியில் சின்னக் கிண்ணமாக விரியும். தாயில் பாதி அளவு வந்ததும் இரண்டு அங்குலம் தண்டோடு வெட்டி, ஒரு நாள் நிழலில் காயப்போட்டு, தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் கலந்த தொட்டியில் வைத்தால் போதும். அம்மாயி வந்திருந்தபோது பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, வேரே இல்லியே, எப்படிப் பொழைக்கும்?" என்றார். "நடுவுல தண்ணி ஊத்துனா எலையே குடிச்சுக்குமுங்க அம்மாயி" என்றேன். உண்மை அதுதான். கிண்ணத்துக்குள் இலையின் அடிப்பாகத்தில் இருக்கும் நுண்ணிய செதில்கள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வேர் பெரும்பாலும் பிடிமானத்துக்குத்தான். காற்றில் ஆடாமல் மட்டும் பார்க்க வேண்டும், ஆடினால் புது வேர் நுனி ஒடியும். நான் ஒரு குச்சி நட்டு வாழைநாரால் கட்டிவிடுவேன். ஆடியில் வெட்டிய குட்டிகூட அப்படிப் பிழைத்திருக்கிறது.

இதிலும் தொல்லை உண்டு. கிண்ணத்தில் போர் தண்ணீர் நின்று வற்றினால் இலையில் வெள்ளையாக உப்புப் படியும், நுனி கருகும். நான் மழைநீரோ திருமூர்த்தி அணைக் குடிநீரோதான் ஊற்றுகிறேன். கொசு முட்டையிடும் என்பதால் மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியைச் சாய்த்துக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். டெங்கு உள்ள ஊரில் இதில் சோம்பல் கூடாது. இன்னொன்று, தோட்டத்துக்குக் காப்பர் மருந்து அடித்த ஸ்பிரேயரை இரண்டு செடிகளின் பக்கமும் கொண்டு போகாதீர்கள். புரொமிலியாடுக்குச் செம்பு ஆகாது.

வீட்டுக்குள் ஜன்னலோரம் ஒரே ஒரு தொட்டி போதும் என்றால் எர்த் ஸ்டாரே வாங்குங்கள். குறைந்த வெளிச்சத்திலும் கிடக்கும், கொசு வேலையும் இல்லை. மாடியில் பெருக்கி நாலு பேருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஃபயர்பால். கடையில் பார்க்கும்போது நன்றாகச் சிவந்து நடுவில் ஊதாப் பூ விட்டிருக்கும் செடி கண்ணை இழுக்கும். அதை விட்டுவிட்டு, தொட்டி ஓரத்தில் ஓடுதண்டு தலை காட்டும் செடியாக எடுங்கள்.