பெண்களுக்கு மட்டுமான குழு: ஏழாண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

2018 அக்டோபரில், தாங்கள் சந்தித்த பாலியல் தொல்லைகளைப் பெண்கள் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கிய மீடூ அலை தமிழகத்தையும் எட்டியிருந்த நாட்களில், பெண்களுக்கு மட்டுமான ஒரு தமிழ் இணையக் குழுவில் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் எழுதியிருந்தால் இது வெறும் பாராட்டுரையாக இருந்திருக்கும். ஏழாண்டுகள் இருந்து, அவற்றில் மூன்றாண்டுகள் அட்மின் வேலையும் பார்த்துவிட்டதால், குறைகளையும் சேர்த்தே சொல்ல முடிகிறது.

பூவின் படத்தையோ நடிகையின் படத்தையோ முகப்பில் வைத்துக்கொண்டு பெண் பெயரில் வரும் ஆண்களைத் தடுக்க, தொலைபேசியில் பேசிப் பார்த்த பிறகே சேர்ப்பது என்று முதலில் விதி வைத்திருந்தோம். அந்த விதி போலிக் கணக்குகளைவிட, வீட்டில் ஐந்து நிமிடம் தனியாக நின்று பேச வழியில்லாத பெண்களையே அதிகமாக வெளியே நிறுத்தியது. பிறகு குரல் பதிவு அனுப்பினால் போதும் என்று மாற்றினோம். ஒருவர் மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் பேசி அனுப்பியிருந்தார். காற்றின் இரைச்சலுக்கு நடுவே பெயரும் ஊரும் மட்டுமே கேட்டன. சேர்த்துக்கொண்டோம்.

குழுவின் உண்மையான பயன் எனக்குப் புரிந்தது 2021இல்தான். வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வது பற்றி எங்கள் உறுப்பினர் ஒருவர் பொதுவெளியில் எழுதிய நான்கு வரிக்கு, விடிவதற்குள் நூற்றுக்கணக்கான வசைகள் வந்து விழுந்தன. கொச்சையாகத் திட்டுபவர்களைக்கூடக் கடந்துவிடலாம். "சகோதரி, நானும் பெண்களை மதிப்பவன்தான், ஆனால்" என்று தொடங்கிய ஒருவர்தான் எங்கள் உறுப்பினருடைய மகளின் பள்ளி ஆண்டுவிழாப் படத்தைத் தேடி எடுத்துப் பகிர்ந்தார். அவர் அவற்றையெல்லாம் படிக்க வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காக, நான்கு பேர் முறைவைத்து அவருடைய இன்பாக்ஸைப் படித்தோம். பதில் சொல்லாமல், எதையும் அழிக்காமல், இணைப்பு முகவரியும் தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அதன் பிறகே பிளாக் செய்தோம். முதலில் பிளாக் செய்துவிட்டு, பின்னர் ஆதாரம் இல்லாமல் திண்டாடியவர்களைப் பார்த்துக் கற்ற பாடம் அது. குழுவில் இருந்த வழக்கறிஞர் ஒரு பக்கத்தில் புகாருக்கான மாதிரிப் படிவம் தயாரித்துத் தந்தார். காவல் நிலையத்தில் "நீங்க எதுக்கும்மா இதெல்லாம் எழுதுறீங்க" என்ற கேள்வி வந்தபோது, உடன் சென்றிருந்த இருவரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததால்தான் ரசீது கிடைத்தது. இப்போது அந்த மாதிரியில், இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78, 79ஆம் பிரிவுகளையும் (பின்தொடர்ந்து தொல்லை தருவது, பெண்ணின் கண்ணியத்தை அவமதிப்பது), தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவையும் (ஆபாசப் பதிவு) குறிப்பிடுகிறோம். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிந்துவிடுகிறோம்.

குறை என்றால் முதலில் நம்பிக்கைத் துரோகம். மணவாழ்க்கைச் சிக்கலைப் பற்றி ஒருவர் உள்ளே எழுதியது இரண்டே நாளில் கணவரின் கைக்குப் போனது. அனுப்பியவர் அவருடைய ஓரகத்தி. ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பூட்டு கிடையாது. அதன் பிறகு சொந்த விஷயங்களைப் பெயரை நீக்கி, அட்மின் வழியாகவே வெளியிடுகிறோம்.

இரண்டாவது குறையில் எனக்கும் பங்கு உண்டு. தன்னை நோக்கி வந்த பாலியல் வசைகளில் பாதி தன் சாதியைச் சொல்லித்தான் வந்தன என்று ஒரு தலித் தோழி எழுதியபோது, "சாதியை இங்கே கொண்டுவர வேண்டாமே" என்று எங்களில் சிலரே சொன்னார்கள். சண்டை பெரிதாகிவிடுமோ என்று நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னது கற்பனையல்ல. 2019 தேர்தல் காலத்தில் இந்தியாவின் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்ட ட்வீட்டுகளை ஆராய்ந்து 2020 ஜனவரியில் மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி வெளியிட்ட அறிக்கை, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்குச் சாதி சார்ந்த வசை மற்றவர்களைவிட 59 சதவீதம் அதிகமாக வந்ததாகக் கூறுகிறது. அறிக்கையைப் படித்த பிறகுதானா தோழியின் சொல் நமக்கு உறைக்க வேண்டும் என்று அப்போது கூசிப்போனேன். அதற்குள் அவர் விலகியிருந்தார்.

இப்போதெல்லாம் குழுவில் விவாதங்கள் குறைந்து, மருத்துவர் பரிந்துரையும் வாடகை வீடும் கேட்கும் பதிவுகளே மிகுதி. எனக்கு அதில் குறையில்லை. விலகிய தோழி பன்னிரண்டு பேருடன் தனிக் குழு நடத்துகிறார். திரும்பி வரும்படி சென்ற ஆண்டு அழைத்தேன்; வரவில்லை. அந்தப் புகார் மாதிரியை மட்டும் அனுப்பச் சொன்னார், அனுப்பி வைத்தேன்.