செல்லுலோஸைத் திரவமாக்க எந்தக் கரைப்பான்?

கரைப்பான்களை ஒப்பிடுகிறவர்கள் கரையாமல் மிஞ்சும் எச்சம் எத்தனை சதவீதம் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: வினை முடிந்ததும் கரைப்பானைப் பிரித்தெடுக்க வேண்டுமா, விளைபொருளோடு அப்படியே விட்டுவிடலாமா?

விட்டுவிடலாம் என்றால் என் ஓட்டு பாலிஎத்திலீன் கிளைக்கால் 400, கிளிசரால் கலவைக்கு. பாலியூரித்தேன் நுரைக்கு வேண்டிய ஹைட்ராக்சில் தொகுதிகள் கரைப்பானிலேயே இருக்கின்றன. 105 டிகிரி செல்சியஸில் உலர்த்திய செல்லுலோஸ் தூள் அல்லது மரத்தூள் 20 கிராமுக்குக் கிளைக்கால் 80 கிராம், கிளிசரால் 20 கிராம், அடர் கந்தக அமிலம் 3 கிராம். அமிலத்தைக் குளிர்ந்த கரைப்பானில் சொட்டுச் சொட்டாகக் கலந்த பிறகே தூளைப் போட வேண்டும். தூள் மேல் நேராக ஊற்றினால் பட்ட இடம் கருகும். 150 டிகிரியில் கலக்கியபடி 60 முதல் 90 நிமிடம். அழுத்தக்கலன் தேவையில்லை.

சறுக்கல் நேரத்தில்தான் வருகிறது. எச்சம் மளமளவெனக் குறைந்து, ஒரு கட்டத்துக்குப் பின் மீண்டும் ஏறும். மரத்தூளில் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் சீக்கிரம் கரைந்துவிடும். படிக அமைப்புள்ள செல்லுலோஸ் கடைசியில்தான் உடையும். இரண்டின் துண்டுகளும் பிணைந்து மறுபடி திடமாகின்றன. கிளிசரால் சேர்ப்பதே இதைத் தள்ளிப்போடத்தான். 15 நிமிடத்துக்கொரு மாதிரி எடுத்து, டையாக்சேன், நீர் 4:1 கலவையில் கரைத்து வடிகட்டி, எச்சத்தை உலர்த்தி எடை போடுங்கள். நுரைக்குப் போகுமுன் அமிலத்தை நடுநிலையாக்காவிட்டால் நுரை வினையைத் தூண்டும் அமீன் வினையூக்கி முடங்கிவிடும்.

எத்திலீன் கார்பனேட் இன்னும் வேகமானது. ஆனால் சிதைந்து கார்பன் டைஆக்சைடை விடும். மூடிய கலனில் வைக்காதீர்கள்.

கரைப்பானைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் மெத்தனால். 180 முதல் 200 டிகிரி, நீர்த்த அமிலம், எஃகு அழுத்தக்கலன். செல்லுலோஸ் சர்க்கரையாக உடைந்து, அதிலிருந்து கடைசியில் கிடைப்பது மெத்தில் லெவுலினேட் என்ற எஸ்டர். நீரில் செய்தால் சர்க்கரை சிதைந்து உண்டாகும் பழுப்புக் கசடான ஹியூமின் கலன் சுவரில் அப்பிக்கொள்ளும். மெத்தனாலோ சர்க்கரையின் வினைமுனையை மூடிவிடுவதால் அந்தத் தொல்லை குறைவு. 65 டிகிரியில் கொதிப்பதால் வடித்தெடுப்பதும் எளிது. அமிலம் கூடினால் மட்டும் மெத்தனாலில் ஒரு பங்கு டைமெத்தில் ஈதராகி வீணாகும், அழுத்தமும் ஏறும்.

சர்க்கரையாகவே வேண்டுமென்றால் காமா-வலேரோலாக்டோன். அது 80 பங்கு, நீர் 20 பங்கு, அமிலம் வெறும் 0.05 சதவீதம், 157 முதல் 217 டிகிரி: 2014-இல் அமெரிக்க வேதிப் பொறியாளர் ஜேம்ஸ் டுமெசிக்கின் குழு இப்படி 70 முதல் 90 சதவீதம் சர்க்கரையை மீட்டுக் காட்டியது. லாக்டோனின் கொதிநிலை 207 டிகிரி என்பதால் வடித்துப் பிரிப்பது கட்டுப்படியாகாது. உப்போ திரவக் கார்பன் டைஆக்சைடோ சேர்த்து அடுக்காகப் பிரிக்கிறார்கள். உப்பு வழியில் போனால் அந்த உப்பு சர்க்கரைக் கரைசலில் தங்கும்; அடுத்து நொதிக்க வைப்பவர் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.