“ஃபுல் ஒரிஜினல்” என்று சொல்லி விற்கும் மொரிஸ் மைனர்கள்: மலையகத்தில் வாங்கப் போகிறவர்கள் கவனம்

மலையகத்தில் பழைய கார் தேடுகிறவர்கள், முக்கியமாக மொரிஸ் மைனர் தேடுகிறவர்கள், காசைக் கொடுப்பதற்கு முன் இதை ஒருதரம் முழுக்க வாசியுங்கள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஓடுகிற எதற்கும் விலை ஏறியது, அந்த ஏற்றத்தைப் பார்த்து இந்த வியாபாரத்துக்குள் வந்தவர்களும் இருக்கிறார்கள். என்னிடம் விற்றவர் அப்படிப்பட்ட ஒருவர். பெயர் போடவில்லை, முறைப்பாடு நடந்துகொண்டிருக்கிறது.

விளம்பரத்தில் போட்டிருந்தது இதுதான்: 1958 மைனர் 1000, 1 ஸ்ரீ இலக்கம் (பழைய பதிவிலக்கம்), ஃபுல் ஒரிஜினல், எஞ்சின் நம்பர் வாகனப் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தும். கேட்ட விலை 18 லட்சம், முடிந்தது 16 லட்சத்துக்கு. அதே நேரத்தில் ஹட்டன் பக்கம் இன்னொரு மைனர் நின்றது, அதன் சொந்தக்காரர் “எஞ்சின் மாத்தினது, டிஸ்க் பிரேக் போட்டது” என்று முதலிலேயே சொல்லி 11 லட்சம் கேட்டார். எனக்கு ஒரிஜினல்தான் வேண்டும் என்றிருந்ததால் மேலதிகமாக 5 லட்சம் கொடுத்தேன். அந்த 5 லட்சம் ஒரிஜினல் என்ற ஒரு சொல்லுக்காகக் கொடுத்த காசு, அதனால்தான் இந்த ஆத்திரம்.

காரைக் காட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். “தம்பி, இது தோட்டத்து தொரை வச்சிருந்த காரு, ஒரு போல்ட் கூட மாத்தல” என்று சொல்லிக்கொண்டே உள்ளே கையை விட்டு சுவிட்சைத் திருப்பினார். கதவுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள தூணிலிருந்து, திரும்பப் போகும் பக்கத்தைக் காட்டுகிற அந்தச் சின்ன டிராபிகேட்டர் கை ‘டக்’ என்று வெளியே நீண்டு உள்ளுக்குள் செம்மஞ்சளாக எரிந்தது. 1961க்குப் பிறகு வந்த மைனர்களில் இந்தக் கை கிடையாது, சாதாரண சிக்னல் லைட்தான். 58ஆம் ஆண்டுக் காரில் அது இன்னும் வேலை செய்கிறது என்றால் பார்க்கிறவனுக்கு மனசு இளகத்தான் செய்யும். சீட், ஸ்டீரிங், நடுவில் இருக்கும் ஒற்றை மீட்டர் எல்லாமே அசல். கண்ணில் படுகிற இடத்தையெல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார்கள்.

பிறகு புசல்லாவை தாண்டி ரம்பொடை ஏற்றத்தில் ஏறியபோது கார் இழுத்த இழுவை சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால் முதல் தடயமே அதுதான். 948 சிசி மைனருக்கு மொத்தம் 37 குதிரைவலு, நாலு பேர் ஏறிய பிறகு அந்த வளைவுகளில் அது முனகிக்கொண்டு இரண்டாம் கியரில் ஏற வேண்டும். இது மூன்றாம் கியரில் போனது. இறக்கம்தான் பயங்கரம். ஒரு நாள் வீட்டாரோடு நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும்போது லபுக்கலை தாண்டியதும் பிரேக் காயும் வாடை, அப்புறம் பெடல் கால் வைத்தபடி அப்படியே கீழே போய்விட்டது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மண் மேட்டோரமாக உரசி நிறுத்தினோம். பின்னால் அம்மாவும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

காரை எங்கள் பக்கத்து கராஜ் பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கொண்டு போனேன். தோட்டத்து லொறி, துரைமாரின் கார் என்று இதிலேயே வயசான மனிதர். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சினுக்குக் காற்றும் புகையும் போய்வருகிற குழாய்த் தொகுதியான மெனிஃபோல்டுக்குக் கீழே எஞ்சின் பக்கவாட்டைத் தடவிவிட்டு, “தம்பி, இது 948 இல்ல. இந்த எடத்துல ரெண்டு தகர மூடி இருக்கணும்” என்றார்.

விஷயம் இதுதான். மைனரில் வந்த 803, 948, 1098 சிசி எல்லாமே ஏ-சீரிஸ் என்ற ஒரே குடும்பத்து எஞ்சின். அதே குடும்பத்தில் பிறகு வந்த 1275 வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய இவை போலவே இருக்கும், பெரிய வேலை இல்லாமல் மைனருக்குள் உட்காரும். பழைய எஞ்சின்களில் மெனிஃபோல்டுக்குக் கீழே டெப்பட் மூடிகள் (வால்வை இயக்கும் பாகங்களை மூடுகிற தகரங்கள்) இரண்டு இருக்கும், சாதாரண 1275இல் அவை கிடையாது. பச்சைப் பெயிண்டைப் பூசி, பழைய கார்ப்ரேட்டரையும் டைனமோவையும் மாட்டிவிட்டால் அந்த மூடியைத் தேடத் தெரியாதவனுக்கு வித்தியாசம் பிடிபடாது. எஞ்சின் நம்பர்? அது பிளாக்கின் வலப்பக்கம், டைனமோவுக்கு மேலே ஆணி அடித்த ஒரு சின்னத் தகட்டில்தான் இருக்கிறது. என் காரில் தகடு அறுபது வருஷம் பழசு, ஆணி இரண்டும் பளபளவென்று புதுசு. பழைய எஞ்சினிலிருந்து தகட்டைக் கழற்றி இதில் அடித்திருக்கிறார்கள். புத்தகத்தோடு நம்பர் பொருந்தாமல் என்ன செய்யும்!

எஞ்சினை மாற்றினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தில் ஏற்ற வேண்டும். என் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான், விற்றவர் இல்லை.

இதைவிடப் பெரிய அநியாயம் பிரேக். 948 மைனருக்கு முன்னாலும் பின்னாலும் பழைய வகையான 7 அங்குல டிரம் பிரேக். 1962இல் 1098 எஞ்சின் வந்தபோது கொம்பனியே முன் டிரம்மை 8 அங்குலமாகப் பெரிதாக்கியது. அதிலும் பெரிய 1275ஐப் போட்டவர்கள் 7 அங்குல டிரம்மை அப்படியே விட்டிருக்கிறார்கள், ஏனென்றால் இறக்கத்தில் நன்றாகப் பிடிக்கிற டிஸ்க் பிரேக் போட்டால் மாற்றியது வெளியே தெரிந்துவிடும். ஒரிஜினல் என்று விற்பதற்காக ஒரு குடும்பத்தின் உயிரைப் பணயம் வைத்திருக்கிறார்கள், எனக்கு இதைவிட மென்மையாகச் சொல்ல வரவில்லை.

அதன்பிறகு பாஸ் கீழே படுத்தார். மைனருக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடம்பே சேசிஸ். கதவுக்குக் கீழ் ஓடும் சில் பகுதியும் பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடமும் உக்கினால் கார் முதுகெலும்பு முறிந்த மாதிரிதான். நம் மலைப் பனியும் மழையும் அந்த இடங்களைத்தான் முதலில் தின்னும். என் காரில் சில் முழுக்கக் கறுப்புத் தார்ப் பூச்சு. காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. ஸ்க்ரூடிரைவரால் குத்தியதும் பட்டி பொருபொருவென்று கொட்டியது, அதற்குள்ளே ஃபைபர் துணி, அதற்கும் உள்ளே வெறும் துருத்தூள். முன் வீலைத் தாங்கும் கீழ் டிரனியனில் கிரீஸ் அடிக்கிற நிப்பிளையும் அதே தார் மூடியிருந்தது. ஆயிரம் மைலுக்கு ஒருதரம் கிரீஸ் கேட்கிற இடம் அது. கிரீஸ் இல்லாவிட்டால் மரை தேய்ந்து ஒரு நாள் கழன்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே வீல் பக்கவாட்டில் மடங்கிவிடும். மைனரின் தெரிந்த வியாதி இது, மைனர் வியாபாரம் செய்கிறவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

மாற்றம் செய்த கார்களுக்கு நான் எதிரி இல்லை. நுவரெலியா மூட்டத்தில் அந்த டிராபிகேட்டர் கை யார் கண்ணுக்கும் தெரியாது, சிக்னல் லைட் கட்டாயம் வேண்டும். சீட் பெல்ட், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், முன் டிஸ்க், இவையெல்லாம் இந்த ரோடுகளில் ஓட்டுகிறவனுக்குத் தேவை. கழற்றிய சாமானைப் பெட்டியில் போட்டு வைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பூட்டலாம். உடம்பு, உள் அலங்காரம், நம்பர் இந்த மூன்றையும் தொடாமல், நிறுத்துவதற்கும் பாதுகாப்புக்கும் உரியதை மாற்றினால் அது மரியாதையான வேலை. முதலில் பிரேக், அதற்குப் பிறகுதான் எஞ்சின். ஹட்டன்காரர் செய்ததும் சொன்னதும் அப்படித்தான், இன்றைக்குப் பார்த்தால் நல்ல கார் அவரிடம்தான் இருந்தது. ஒரிஜினலாகவே வைத்திருக்க விரும்புகிறவர்களையும் மதிக்கிறேன், அப்படியென்றால் 37 குதிரைவலுவோடு மெதுவாக ஏறி, இரண்டாம் கியரில் இறங்க வேண்டும், அதற்கு 7 அங்குல டிரம் போதும். இரண்டுக்கும் நடுவில், ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்பதுதான் ஏமாற்று.

திரும்பிப் போய்க் கேட்டபோது அந்த வியாபாரி, “பழைய காருன்னா அப்படித்தான் தம்பி, பாத்துத்தானே வாங்குனீங்க” என்றார். ரசீதை நீட்டினார், அதில் ‘பார்த்துத் திருப்தியோடு வாங்கியது’ என்று ஒரு வரி. விளம்பரத்தை அன்றைக்கே அழித்துவிட்டார்கள், நான் அதைப் படம் பிடித்து வைத்திருந்ததால்தான் முறைப்பாட்டில் காட்ட ஏதாவது இருந்தது. ஆகவே வாங்கப் போகிறவர்கள் விளம்பரத்தை முதலில் சேமியுங்கள். ரசீதில் எஞ்சின் 948, மாற்றப்படாதது, சில் வெல்டிங் விவரம் என்று அவர் வாயால் சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், எழுத மறுத்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடலாம். தெரிந்த பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தகட்டின் ஆணியையும் டெப்பட் மூடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள், சில்லுக்குக் காந்தம் வையுங்கள், நிப்பிளில் கிரீஸ் ஏறுகிறதா என்று உங்கள் முன்னாலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்ப்பதென்றால் சமதரையில் ஒரு சுற்று போதாது, நீளமான இறக்கம் ஒன்றில் ஓட்டுங்கள், வீட்டாரை ஏற்றாமல்.

என் கார் இப்போது பாஸின் கராஜில் நிற்கிறது. சில் இரண்டும் வெட்டிப் புதுத் தகரம் வைத்தாயிற்று, முன்னுக்கு டிஸ்க் போடுகிறோம், 1275ஐ முறைப்படி புத்தகத்தில் ஏற்ற விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். முறைப்பாட்டில் என்ன முடிவு வருகிறது என்று இதன் கீழேயே எழுதுவேன். இதே மாதிரி ஆணி மாறிய தகடு உங்கள் மைனரிலோ ஒஸ்டினிலோ இருந்தால் படத்தோடு எனக்கு எழுதுங்கள், ஒன்றுக்கு மேல் ஆட்கள் சேர்ந்தால் முறைப்பாட்டுக்குப் பலம்.