குட்டியை வளர்ப்பதா, காட்டை ஒட்டவைப்பதா?

போர்னியோ தீவின் ஒராங்குட்டான் என்ற மரவாழ் பெருங்குரங்குகளுக்குக் கைகொடுக்க இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. ஒன்று, மறுவாழ்வு மையம். அத்தீவில் மலேசியாவுக்குச் சொந்தமான சபா மாநிலத்தின் செப்பிலோக் மையம் 1964 முதல் இயங்குகிறது. தாயை இழந்த குட்டிகளுக்குப் பால் புகட்டி, கயிற்றில் தொங்கப் பழக்கி, பிறகு காட்டில் விடுகிறார்கள். கேட்க எளிதுதான். ஆனால் காட்டில் ஒரு குட்டி ஆறேழு வருடம் தாயை ஒட்டியே திரியும். எந்தப் பழம் எங்கே கிடைக்கும், ராத்திரிக்குக் கிளைகளை மடக்கிக் கூடு கட்டுவது எப்படி, எல்லாம் அவளிடம் பார்த்துப் படிப்பது. மனிதர்கள் அதைச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு பாடுபட வேண்டும்!

இன்னொன்று, துண்டுபட்ட காட்டை இணைப்பது. அதே சபாவின் கினபாத்தாங்கன் ஆற்றோரம் பல இடங்களில் கரை வரைக்கும் எண்ணெய்ப்பனைத் தோட்டம்தான். ஒராங்குட்டானுக்கு நீச்சல் வராது. அதனால் கிளையாறுகளுக்குக் குறுக்கே பழைய தீயணைப்புக் குழாய்களால் தொங்குபாலம் கட்டினார்கள். ஒராங்குட்டான்களும் மெல்லப் பழகி அதில் கடந்தன. பாலம் சும்மா ஒட்டுப்போடும் வேலை என்பது சரி. நிலத்தை மீட்டு மரம் வளர்ப்பதற்குத்தான் காசும் காலமும் ஆகும்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. காடு நின்றால் பிக்மி யானையும் நீள்மூக்குக் குரங்கும் சேர்ந்தே பிழைக்கும். மையத்தில் வளர்ந்த குட்டியை விடுவதற்கும் ஒரு காடு வேண்டுமே.